கல்லாப்பெட்டி யாருடையது?

விழிஞ்ஞம்: கடலோரத்தில் வானளாவ நிற்கும் கிரேன்களைப் பார்த்தபடி டீ குடித்துக் கொண்டிருந்தபோது, இங்கு கட்டட வேலைக்கு வந்திருக்கும் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, இது சர்க்கார் துறைமுகமா, அதானி துறைமுகமா?"

இரண்டும் சரியே. 2015 ஆகஸ்டில் கேரள அரசு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 40 ஆண்டுகளுக்கு இதைக் கட்டி நடத்தும் உரிமை அதானி துறைமுகக் கம்பெனியின் துணைக் கம்பெனி ஒன்றுக்குக் கிடைத்தது. 2025 மே 2-ம் தேதி பிரதமர் இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

தாய்க் கம்பெனியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதானி குடும்பத் தரப்பின் கையில் இருக்கிறது. நிர்வாக இயக்குநர், ஸ்தாபகர் கௌதம் அதானியின் மகன் கரண் அதானி. தகப்பன் தொழிலை மகன் நடத்துவதில் தப்பில்லை. நம் ஊர் மளிகைக் கடையும் அப்படித்தானே! ஆனால் மளிகைக் கடைக் கல்லாவில் இருப்பது முதலாளியின் பணம். பங்கு விற்ற கம்பெனியின் கல்லாவிலோ ஊரார் பணமும் கலந்திருக்கிறது.

"நம்மிடம் ஷேரே இல்லை, நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. நம்மில் பலர் எல்.ஐ.சி. பிரீமியம் கட்டுகிறோம். 2023 ஜனவரியில் எல்.ஐ.சி.யே வெளியிட்ட கணக்குப்படி, அதானி குழுமப் பங்குகளை வாங்க அது போட்டிருந்த தொகை 30,127 கோடி ரூபாய். மொத்த முதலீட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனாலும் பாலிசிதாரர் பணம்.

அதே மாதம் 24-ம் தேதி, ஹிண்டன்பர்க் என்ற அமெரிக்க நிறுவனம் இக்குழுமத்தின் மீது கடும் புகார்களை வெளியிட்டது. பங்கு விலைகள் சரிந்தன. குழுமம் புகார்களை அடியோடு மறுத்தது. அடுத்து, துறைமுகக் கம்பெனியின் ஆடிட்டரான டெலாய்ட், மூன்று நிறுவனங்களுடன் நடந்த கொடுக்கல் வாங்கலைக் குறிப்பிட்டு, அவை உறவுக்காரக் கம்பெனிகளா அல்லவா என்று உறுதி சொல்ல இயலவில்லை என்ற கருத்தில் எழுதியது. ஆகஸ்டில் பொறுப்பிலிருந்தே விலகியது. விலகலுக்குச் சொன்ன காரணம் ஏற்கத்தக்கதல்ல என்றது கம்பெனி.

விசாரணையை செபியிடமிருந்து மாற்ற 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2025 செப்டம்பரில் செபி, உறவுக் கம்பெனிகள் தொடர்பாகத் தான் விசாரித்த சில புகார்கள் நிரூபிக்கப்படவில்லை என்றும், அன்றைய விதிகளின்படி அவை உறவுக் கம்பெனிப் பரிவர்த்தனைகள் ஆகா என்றும் உத்தரவிட்டது.

'உறவு' என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை வழக்கு ஏன்? ஐதராபாத் சத்யத்தை நினைத்தால் விளங்கும். 2008 டிசம்பரில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு, தம் குடும்பத்தாரின் மேட்டாஸ் கம்பெனிகளைச் சத்யம் பணத்தில் வாங்க முனைந்தார். (சத்யத்தைத் திருப்பி எழுதினால் மேட்டாஸ்!) டைரக்டர்கள் தலையாட்டினார்கள். பங்குதாரர்கள் கூச்சலிட்ட பிறகே அது நின்றது. மறுமாதம் 7-ம் தேதி, பல ஆயிரம் கோடி பொய்க்கணக்கை ராஜுவே ஒப்புக்கொண்டார்.

அதன்பின் சட்டம் இறுகியது. குடும்பத்தவர் தலைவராக உள்ள, பங்குச் சந்தையில் பதிவான கம்பெனியில் டைரக்டர்களில் பாதிப் பேராவது வெளியார் இருக்க வேண்டும். உறவுக் கம்பெனியோடு பெரிய பேரம் என்றால் மற்றப் பங்குதாரர்களின் வாக்கு வேண்டும். சம்பந்தப்பட்ட குடும்பம் ஆதரவாக வாக்களிக்கக் கூடாது. எனவே பத்துப் பங்கு வைத்திருப்பவர் வாக்குக்கும் மதிப்புண்டு. பலர் அந்த அறிவிப்பைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

ஷேர் வைத்திருக்கும் வாசகர்கள் ஆண்டறிக்கையில் லாபப் பக்கத்தோடு நிறுத்தாமல், ஆடிட்டர் அறிக்கையையும் உறவுக் கம்பெனிகள் பட்டியலையும் படிப்பது நலம்.

எல்லாம் கேட்ட மார்த்தாண்டத்து நண்பர் சொன்னார்: "எங்க ஊர் சிட்டிலயும் இதே கதைதான் அண்ணே. பணம் போட்டவன் கணக்கு கேட்டா, மரியாதை இல்லைம்பாங்க!" கேட்பதே மரியாதை என்று சொல்லிவிட்டு, டீக்கு நாமே காசு கொடுத்தோம்.