புதர் வெட்டும் மெஷினுக்கு எந்த பிளேடு? மையவாடியிலும் தோட்டத்திலும் கவனிக்க வேண்டியவை



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நம் ஆயக்குடிப் பகுதியில் புல்லும் முள்ளும் இடுப்பளவு எழுந்துவிடும். மையவாடியில் மீஸான் கல் மறைந்துபோகும். கொய்யாத் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் கண்ணுக்குத் தெரியாது. வெளிநாட்டில் வேலை செய்பவர் வாங்கிப் போட்ட காலிமனையில் எல்லைக்கல்லைத் தேட வேண்டியிருக்கும். அரிவாளும் மண்வெட்டியும் கொண்டு பல நாள் செய்த வேலையை இப்போது தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் விரைவில் முடித்துத் தருகிறது.

மெஷின் ஒன்றுதான் என்றாலும் அதன் முனையில் மாட்டுபவை பல. பொருந்தாததை மாட்டினால் கல் தெறித்துக் கண் பறிபோகலாம், மீஸான் கல் உடையலாம், கபரின் மேடு சிதையலாம். ஆகவே எதை மாட்டுவது என்று முடிவு செய்யும் முன் இரண்டைப் பாருங்கள். அங்கே என்ன முளைத்திருக்கிறது? அதற்கு நடுவே என்ன இருக்கிறது?

நைலான் கயிறு

புல்லுக்கும் இளங்களைக்கும் இதுவே போதும். கல், சுவர், கம்பிவேலி ஆகியவற்றின் ஓரத்தில் மாட்ட ஏற்றதும் இதுதான். கல்லில் பட்டால் கயிறுதான் தேயும், கல் உடையாது. ஆனால் சிறு கற்களை வாரி அடிக்கும் என்பதால் கண்ணாடி இல்லாமல் இயக்கக் கூடாது. தண்டு முற்றிய செடியை இது வெட்டாது.

தோட்டக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இளம் கொய்யாக் கன்றின் அடியில் இந்தக் கயிறு சுற்றிப் பட்டால் பட்டை வளையமாக உரிந்து கன்று பட்டுப்போகும். சொட்டுநீர்க் குழாயையும் அறுத்துவிடும். கன்றைச் சுற்றி இரண்டடிக்குக் கையால் களையெடுத்துவிட்டு மெஷினை வெளியே மட்டும் ஓட்டுவது நல்லது.

மூன்று பல் பிளேடு

கோரை, முற்றிய புல், தண்டு தடித்த களை, விரல் பருமனுள்ள உண்ணிச்செடி ஆகியவற்றுக்கு இது. திறந்தவெளி நிலத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கல்லில் மோதினால் பல் ஒடிந்து தெறிக்கும். மீஸான் கற்களுக்கு அருகில் இது வரவே கூடாது.

80 பல் பிளேடு

ஓரங்களில் கார்பைடு துண்டுகள் பதித்த வட்டத் தகடு இது. நெல், தீவனப்புல், சோளத்தட்டை போன்ற ஒரே சீரான பயிரை அறுக்க நன்றாக உதவும். கல் கலந்த புதர்க்காட்டில் மாட்டினால் பதித்த துண்டுகள் பெயர்ந்து பறக்கும். பல் அதிகம் என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று நினைத்துவிடக் கூடாது.

ரம்பப் பல் பிளேடு

கட்டை போன்ற தண்டுகளுக்கு, அதாவது இளம் சீமைக்கருவேல், வேலிமுள் போன்றவற்றுக்கு இது. மெஷினுக்குப் போதிய சக்தி வேண்டும். இந்த பிளேடுக்கென உள்ள பாதுகாப்புக் கவசமும் வேண்டும். அதைவிடப் பருத்த மரங்களைக் கோடரியாலோ மரம் அறுக்கும் மெஷினாலோதான் வெட்ட வேண்டும்.

சங்கிலி வேண்டவே வேண்டாம்

சங்கிலித் துண்டுகளைக் கோத்துச் சுழலவிடும் முனைகளும் விற்கப்படுகின்றன. ஒரு கண்ணி அறுந்தால் அது துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். உயிரிழப்பு நேர்ந்த பிறகு, 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகை முனைகளின் விற்பனையைத் தடை செய்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று யாரும் வாங்க வேண்டாம்.

சீமைக்கருவேல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

இது நம் மண்ணின் மரமல்ல. 1877-ல் வெளிநாட்டிலிருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் நட்டார்கள். விறகுக்காக வந்த மரம் இன்று தமிழகமெங்கும் பரவியிருக்கிறது. தரையோடு வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். வேர்த்தலையைத் தோண்டி எடுத்தால்தான் ஒழியும். எந்த பிளேடாலும் அதைச் செய்ய முடியாது.

காலிமனையில் தோண்டலாம். மையவாடியில் அது முடியாது. கபர்களுக்கு நடுவே தோண்டினாலோ பொக்லைனை இறக்கினாலோ அடியில் இருக்கும் மய்யித்துக்கு அவமரியாதை நேரும். இறந்தவரின் எலும்பை முறிப்பதை, உயிருடன் இருப்பவருக்குச் செய்யும் கொடுமைக்கு நிகராக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே அங்கே தரைமட்டத்தில் வெட்டிவிட்டு, துளிர் வரும்போதெல்லாம் இளசாகவே அகற்றிக்கொண்டிருப்பதுதான் வழி. வருடத்துக்கு ஒரு பெரிய வேலையாக வைக்காமல், மூன்று நான்கு முறை சிறு வேலையாக வைத்துக்கொண்டால் ரம்பப் பல் பிளேடே தேவைப்படாது.

மையவாடியில் வேலை செய்யும் முறை

முதலில் மெஷின் இல்லாமல் நடந்து பாருங்கள். மீஸான் கல் இல்லாத பழைய கபர்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, துணி கட்டிய குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மழைக்குப் பின் பழைய கபர்கள் உள்வாங்கியிருக்கும். கால் புதைந்து மெஷினோடு விழும் ஆபத்து உண்டு.

கபரின் மேலேயே வளர்ந்திருக்கும் பசும்புல்லை அகற்றுவது மக்ரூஹ் என்றும், காய்ந்துபோனதை அகற்றலாம் என்றும் ஹனஃபி மத்ஹபில் சொல்லப்பட்டிருக்கிறது. எனவே தொடங்கும் முன் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜனாஸா வரும் பாதையும், புதிதாகக் கபர் தோண்டும் இடமும், வரிசைகளுக்கு இடைப்பட்ட பகுதியும் முதலில் சுத்தமாகட்டும். பாதையில் துன்பம் தருவதை அகற்றுவது ஈமானைச் சேர்ந்தது அல்லவா! வெற்றிடத்தில் மூன்று பல் பிளேடு, கல்லுக்கு அருகே நைலான் கயிறு, கல்லை ஒட்டிக் கை அரிவாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெட்டியதை அங்கேயே கொளுத்தாதீர்கள்.

பார்த்தீனியம் இருந்தால் பூக்கும் முன்பே அகற்றிவிடுங்கள். பூத்த பிறகு மெஷினால் அடித்தால் மகரந்தம் பறந்து தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் வரும்.

பாதுகாப்பு

கைலி கட்டிக்கொண்டும் செருப்புப் போட்டுக்கொண்டும் இந்த வேலைக்கு வராதீர்கள். முழுக்கால் சட்டை, பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பு கட்டாயம். 15 மீட்டர் சுற்றளவில் வேறு யாரும் இருக்கக் கூடாது. மதரஸா விடும் நேரத்தில் வேலையை நிறுத்திவிடுங்கள்.

பெரும்பாலான மெஷின்களில், மேலிருந்து பார்த்தால் பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றும். அதன் முன்பக்க வலது ஓரம் கட்டையில் பட்டால் மெஷின் சட்டென்று எகிறும். இடது ஓரத்தால் வெட்டுங்கள். புல் சிக்கினால் எஞ்சினை முழுதாக அணைத்த பிறகே கை வையுங்கள். பிளேடு நட்டு பெரும்பாலும் எதிர்த்திருகாக இருக்கும். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும்

பிளேடின் நடுத்துளை உங்கள் மெஷினுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். 25.4 மி.மீ. துளை பரவலாக உள்ளது. பிளேடில் குறித்துள்ள அதிகபட்சச் சுழற்சி வேகம், மெஷின் சுழலும் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விரிசல் விட்ட பிளேடைப் பற்றவைத்து மாட்டக் கூடாது. ஜமாஅத் பொதுவில் ஒரு மெஷின் வாங்குவதாக இருந்தால், நைலான் முனை ஒன்றும் மூன்று பல் பிளேடு இரண்டும் நம் தேவைக்குப் போதும். மீதிப் பணத்தில் கண்ணாடியும் பூட்ஸும் வாங்குங்கள்.

கூலிக்கு ஆள் வைத்தாலும் அவர் எதை மாட்டியிருக்கிறார், கவசம் இருக்கிறதா என்று பாருங்கள். கூலி கொடுப்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. அவருடைய கண்ணும் காலும் அன்று நம்மிடம் உள்ள அமானிதம்.

நம் முன்னோர் துயிலும் இடத்தைக் கண்ணியத்தோடு பராமரிக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக, ஆமீன்.