ஆட்டுப்புழுக்கை அடைத்த ஓட்டை

1770 ஜூன் 11, இரவு 11 மணி. நல்ல நிலா வெளிச்சம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்த 'எண்டவர்' என்னும் பாய்மரக் கப்பல் பவளப்பாறையில் மோதி, நகர முடியாமல் நின்றுவிட்டது. அடிப்பலகை உடைந்து தண்ணீர் உள்ளே ஏறியது. கரையோ வெகு தூரம். படகுகளில் எல்லோருக்கும் இடமில்லை.

கேப்டன் ஜேம்ஸ் குக் முதலில் கப்பலின் எடையைக் குறைக்கச் சொன்னார். 6 பீரங்கிகள், இரும்பு, கல், பீப்பாய்கள் என 40, 50 டன் கடலுக்குள் போயின. எடை குறைந்தால் கப்பல் மேலே எழும் என்று உங்களுக்குத் தெரியும். எவ்வளவு எழும்? எண்டவரின் நீளம் ஏறக்குறைய 30 மீட்டர், அகலம் 9 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு சாண் உயரம்தான் வரும்! மறுநாள் பகல் ஓதத்தில் கப்பல் மிதக்க இன்னும் ஒன்றரை அடி நீர் தேவைப்பட்டது. ஆனால் அந்த நாட்களில் அங்கே இரவு ஓதம் பகல் ஓதத்தைவிட உயரமாக ஏறியது. அதற்காகக் காத்திருந்தார்கள். இரவு 10 மணி தாண்டியதும் கப்பல் பாறையை விட்டு விடுபட்டது.

இனிதான் பெரிய ஆபத்து. பாறையை விட்டு வந்த கப்பலுக்குக் கீழே இப்போது ஆழமான நீர். எல்லோரும் முறைபோட்டுப் பம்பு அடித்தார்கள். அப்போது, உள்ளே தேங்கும் நீரை அளப்பவர் மாறினார். பழையவர் உட்பலகையிலிருந்து அளந்துவந்தார், புதியவர் வெளிப்பலகையிலிருந்து அளந்தார். திடீரென்று 16, 18 அங்குலம் நீர் கூடிவிட்டதாகத் தெரிந்ததும் எல்லோருக்கும் கிலி பிடித்தது. அளவில்தான் பிழை என்று தெரிந்தபோது, அதே களைத்த கைகள் இரட்டிப்பு வேகத்தில் பம்பு அடித்தன. விடிந்து சற்று நேரத்தில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது ஒரு சரியான அளவு!

ஓட்டையை என்ன செய்வது? ஜோனதன் மங்க்ஹவுஸ் என்ற இளம் அதிகாரி ஒரு வழி சொன்னார். வேறொரு கப்பலில் அவர் அதைக் கண்ணால் பார்த்திருந்தார். பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரையும் கம்பளியையும் பொடியாக நறுக்கிக் கலந்து, ஒரு கப்பல்பாயின்மேல் கைப்பிடி கைப்பிடியாக அப்பினார்கள். அதன்மேல் ஆட்டுப்புழுக்கையைக் கொட்டினார்கள். (குதிரைச் சாணம் இன்னும் நல்லது என்று குக் குறித்திருக்கிறார்.) அந்தப் பாயைக் கயிறுகளால் கப்பலுக்கு அடியில் இழுத்து ஓட்டைக்கு நேரே கொண்டுவந்தார்கள். உள்ளே பாய்ந்த தண்ணீர், நாரையும் கம்பளியையும் தானே இழுத்துப்போய் இடுக்குகளில் திணித்தது. சிறிது நேரத்தில் ஒரே பம்பு போதும் என்றாயிற்று.

உள்ளேயிருந்து அடைத்தால் என்ன? கடலில் 3 மீட்டர் ஆழத்தில், உள்ளங்கையளவு இடத்தின்மேல், அதாவது 10 செ.மீ. நீள அகலத்தில், 30 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்தும். உள்ளே வைக்கும் அடைப்பை அது பிடுங்கித் தள்ளும். வெளியே வைக்கும் அடைப்பையோ அதே விசை இறுக்கிப் பிடிக்கும். பெரியவர்களிடம் சொல்லி ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் சின்ன ஓட்டை போடுங்கள். வாளித் தண்ணீரில் அதை நேராக அழுத்தி, ஈரத்துணித் துண்டை ஒருமுறை உள்ளேயும் ஒருமுறை வெளியேயும் வைத்துப் பாருங்கள்.

பிறகு கூகு யிமிதிர் மக்கள் வாழும் நிலத்தில், ஓர் ஆற்றின் முகத்துவாரத்துக்குள் கப்பலைக் கொண்டுபோனார்கள். நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டிய கப்பல் என்பதால் அதன் அடி தட்டையானது. அதனால் ஓதம் ஏறும்போது கரையோரம் ஏற்றி, இறங்கும்போது தரையில் நிற்கவைக்க முடிந்தது. தண்ணீர் வடிந்ததும் பார்த்தால், ஓட்டையில் பெரிய பவளத்துண்டு ஒன்று உடைந்து செருகியிருந்தது! ஓட்டையின் பெரும்பகுதியை அதுவே அடைத்திருந்தது. கொல்லர்கள் உலை மூட்டி ஆணி அடித்தார்கள், தச்சர்கள் பலகை மாற்றினார்கள். ஆகஸ்ட் 4 அன்று கப்பல் கிளம்பியது.

பிற்பாடு பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அடிப்பாகத்தை முழுவதுமாகச் சோதித்தார்கள். சில பலகைகள் தேய்ந்து 3 மில்லிமீட்டர் கனம்தான் மிஞ்சியிருந்தது. அவற்றோடுதான் எண்டவர் அவ்வளவு தூரம் வந்திருந்தது. அங்கே அந்தப் பலகைகளை மாற்றிய பிறகு, 1771 ஜூலையில் கப்பல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.