276 எங்கே போய் முடியும்?

12-ஐ எடுத்துக்கொள்வோம். அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12. இவற்றில் 12-ஐ மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 16. இனி 16-க்கும் அதையே செய்வோம்: 1, 2, 4, 8 சேர்ந்து 15. அடுத்து 15-க்கு 9, 9-க்கு 4, 4-க்கு 3, 3-க்கு 1. அதற்கப்புறம் போக வழியில்லை. ஆறே படிகளில் 12-இன் பயணம் முடிந்துவிட்டது.

இப்படிப் பிறக்கும் எண்வரிசைக்கு அலிக்வாட் தொடர் என்று பெயர். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் கணக்குதான். ஆனால் இதே கணக்கை 276-இல் தொடங்கினால் 396, 696, 1104, 1872, 3770 என்று ஏறுகிறது, நடுவில் கொஞ்சம் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. எங்கே முடியும் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. 2000 படிகளுக்கு மேல் போய், 200 இலக்கங்களுக்கும் பெரிய எண்களில் வந்து நிற்கிறது. அந்தப் படிகளில் பெரும்பகுதியை ஏறியவர்கள் பல நாட்டுத் தன்னார்வலர்கள். வீட்டுக் கணினியையும் மின்கட்டணத்தையும் இந்த ஒரு கேள்விக்காகக் கொடுப்பவர்கள்.

மூன்று முடிவுகள், ஒரு சந்தேகம்

ஓர் எண்ணின் காரணிகளை, அந்த எண்ணை நீக்கிவிட்டுக் கூட்டும்போது, தொகை குறைவாக வந்தால் அது குறைவெண். கூடுதலாக வந்தால் மிகையெண். அதே எண் வந்தால் நிறைவெண். 6, 28, 496, 8128 ஆகிய நான்கு நிறைவெண்களைப் பண்டைய கிரேக்கர்கள் அறிந்திருந்தார்கள். 220-இன் காரணிகள் 284-ஐத் தரும், 284-இன் காரணிகள் 220-ஐத் தரும். இப்படிப்பட்ட இணைகள் நட்பு எண்கள். ஆய்லர் போன்ற மேதையே பல இணைகளைக் கண்டுபிடித்தும் கவனிக்காமல் விட்ட 1184, 1210 என்ற சிறிய இணையை, 1866-இல் நிக்கோலோ பகனினி என்ற 16 வயது இத்தாலிய இளைஞர் கண்டுபிடித்தார்.

1888-இல் யூஜின் கட்டலான் ஒரு கணிப்பைச் சொன்னார்: எந்த எண்ணில் தொடங்கினாலும் இந்தத் தொடர் ஒரு பகா எண்ணைத் தொட்டு 1-இல் முடியும், அல்லது ஒரு நிறைவெண்ணில் போய் நிற்கும். அதில் ஓட்டை இருந்தது. நட்பு எண்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே இருக்குமே! 1913-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் லியனார்ட் டிக்சன் அதையும் சேர்த்துத் திருத்தினார்: தொடர் 1-இல் முடியும், நிறைவெண்ணில் நிற்கும், அல்லது சில எண்களுக்குள் வட்டமடிக்கும், எல்லையில்லாமல் வளர்ந்துகொண்டே போகாது. ஐந்தாண்டு கழித்து பால் பூலே என்ற பெல்ஜியக்காரர் 12496-இல் தொடங்கி ஐந்து எண்களில் சுற்றிவரும் வட்டத்தையும், 14316-இல் தொடங்கி 28 எண்களில் சுற்றிவரும் வட்டத்தையும் கண்டுபிடித்தார். கணினி பிறக்காத காலம் அது.

டிக்சனின் கணிப்பு சரியா? 1975-இல் ரிச்சர்ட் கய், ஜான் செல்ஃப்ரிட்ஜ் இருவரும் நேர்மாறாக வாதிட்டார்கள்: இரட்டை எண்ணில் தொடங்கும் தொடர்களில் பெரும்பாலானவை முடிவில்லாமல் வளரும் என்பது அவர்கள் தரப்பு. 2012-இல் போஸ்மா, கேன் இருவரும் இரட்டை எண்கள் ஒரு படியில் சராசரியாக எவ்வளவு வளர்கின்றன என்று கணக்கிட்டபோது, பெருக்கல் சராசரி 1-ஐ விடச் சற்றுக் குறைவாக வந்தது. அது டிக்சன் பக்கம் சாய்கிறது. ஆனால் சராசரி என்பது நிரூபணம் ஆகாது. ஒரு தொடர் தன் போக்கில் தொட்டுச் செல்லும் எண்கள், குருட்டுவாக்கில் பொறுக்கியெடுத்த எண்கள் அல்ல.

28 ஏன் விடாது?

தொடரின் எண்கள் குருட்டுவாக்கில் அமையாததற்குக் காரணம் 276-இன் எட்டாவது படியிலேயே தெரிகிறது. அந்தப் படியில் வரும் எண் 2716. அதாவது 4 × 7 × 97. அடுத்து வருபவை 2772, 5964, 10164, 19628, 19684, 22876. இவை எல்லாமே 28-இன் மடங்குகள். இது தற்செயல் அல்ல.

காரணிகளைக் கூட்ட ஒரு குறுக்குவழி உண்டு. எண்ணைப் பகாக் காரணிகளாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே கூட்டுத்தொகை கண்டு, அவற்றைப் பெருக்கினால் போதும். 276 என்பது 4 × 3 × 23. 4-க்கு 1 + 2 + 4 = 7; 3-க்கு 4; 23-க்கு 24. பெருக்கினால் 672. அதிலிருந்து 276-ஐக் கழித்தால் 396.

இனி 28-ஐப் பாருங்கள். 4 கொடுப்பது 7. 7 கொடுப்பது 8. அதாவது ஓர் எண்ணில் 4-ம் 7-ம் துண்டுகளாக இருந்தால், பெருக்கி வரும் தொகைக்குள் 7-ம் 8-ம் நுழைந்துவிடும். தொகையும் 28-ஆல் வகுபடும், பழைய எண்ணும் வகுபடும், ஆகவே கழித்து வருவதும் வகுபடும். 4 தன் வாரிசாக 7-ஐயும், 7 தன் வாரிசாக 4-ஐயும் விட்டுச் செல்கின்றன. 28 நிறைவெண் என்பதால் அதன் பெரிய மடங்குகள் எல்லாம் மிகையெண்களே. எனவே ஒவ்வொரு படியும் ஏற்றம்தான்.

இத்தகைய சேர்க்கைகளைக் கய்யும் செல்ஃப்ரிட்ஜும் இயக்கிகள் என்றார்கள். 120 அவற்றில் மிக வேகமானவற்றுள் ஒன்று; அது பிடித்துக்கொண்டால் எண் படிக்குப் படி குறைந்தது இரண்டு மடங்காகும். இறக்கும் இயக்கியும் ஒன்று உண்டு: 2 ஒரே ஒருமுறை மட்டும் வந்து, 3 இல்லாமல் இருந்தால் தொடர் பெரும்பாலும் சரியும். 276-இன் வழியில் 3790, 3050, 2716 என்ற இறக்கம் அப்படி வந்ததுதான்.

இயக்கியின் பிடியிலிருந்து தப்பிக்க வழி உண்டா? 30-இல் தொடங்கிப் பாருங்கள்: 42, 54, 66, 78, 90, 144. எல்லாம் 6-இன் மடங்குகள், எல்லாம் ஏற்றம். ஆனால் 144 என்பது 12-இன் வர்க்கம். இரட்டை எண் ஒற்றை எண்ணாக மாறுவது, அது ஒரு வர்க்கமாகவோ வர்க்கத்தின் இருமடங்காகவோ இருந்தால் மட்டுமே. அதனால் 144-க்கு அடுத்து 259. பிறகு 45, 33, 15, 9, 4, 3, 1 என்று சரசரவென்று இறங்கிவிடுகிறது. சிறிய எண்களில் வர்க்கங்கள் அடிக்கடி எதிர்ப்படும். 200 இலக்க எண்களின் நடுவே ஒரு வர்க்கம் அகப்படுவது நடக்காத காரியம் என்றே சொல்லலாம். 28 போன்ற இயக்கி கழன்று விழுவதற்கும் பகாக் காரணிகள் ஓர் அபூர்வமான அமைப்பில் வந்து சேர வேண்டும். அதைப் பார்க்கும் வரை ஏறிக்கொண்டே போவதைத் தவிர வேறு வழியில்லை.

லேமர் ஐந்து

1000-க்குள் முடிவு தெரியாத எண்கள் 12. அவற்றிலும் பல ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 306 அடுத்த படியிலேயே 396-இல் போய்ச் சேர்கிறது. அது 276-இன் வழி. 660, 828, 996 மூன்றும் ஒரே தாவலில் 1356-ஐ அடைகின்றன. கிளைகளைக் கழித்துவிட்டால் மிஞ்சுவன ஐந்து: 276, 552, 564, 660, 966. அமெரிக்கக் கணிதவியலாளர் டி. எச். லேமரின் பெயரால் இவற்றை லேமர் ஐந்து என்பார்கள். முன்பு இந்தப் பட்டியலில் 840-உம் இருந்தது. அது 49 இலக்கங்கள் வரை ஏறி, பிறகு இறங்கி, 601 என்ற பகா எண்ணைத் தொட்டு முடிந்தது. 2002-இல் பெனிட்டோ, கிராய்ஃப்முல்லர், வரோனா, சிம்மர்மன் ஆகியோர் இன்னொரு சாதனையை வெளியிட்டார்கள்: 3630-இன் தொடர் 100 இலக்கங்களைத் தொட்டுவிட்டு 1-இல் முடிகிறது. நூறு இலக்க உயரத்திலிருந்தும் திரும்பி வர முடியும் என்பதற்கு அது சாட்சி.

உடைப்பதுதான் கஷ்டம்

குறுக்குவழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: எண்ணை முழுவதுமாக உடைத்தாக வேண்டும். ஒரே ஒரு காரணி தெரியாவிட்டாலும் அடுத்த படி கிடையாது. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று மட்டும் சொல்வது எளிது. அதைத் திட்டவட்டமாகவும் விரைவாகவும் செய்யும் வழிமுறை ஒன்றை 2002-இல் ஐஐடி கான்பூரைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் நிறுவினார்கள். ஆனால் பகா எண் இல்லை என்று தெரிந்த பிறகு அதன் காரணிகள் எவை என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. ஆர்எஸ்ஏ என்ற மறைகுறியாக்க முறை அந்தக் கஷ்டத்தை நம்பித்தான் நிற்கிறது.

வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் சிறிய பகா எண்களால் வகுத்துப் பார்த்து, அகப்படுவதை எல்லாம் கழற்றிவிடுவார்கள். அடுத்தது நீள்வட்ட வளைவு முறை. 1980-களில் ஹென்றிக் லென்ஸ்ட்ரா கண்டுபிடித்தது. ஒவ்வொரு வளைவும் ஒரு தனி முயற்சி; காரணி சிக்கினாலும் சிக்கும், சிக்காமலும் போகும். 50 இலக்கக் காரணி ஒன்றைப் பிடிக்கச் சராசரியாக ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வளைவுகள் தேவைப்படும்.

அதிலும் உடையாமல் மிஞ்சும் பெரிய துண்டுக்குத்தான் சல்லடை முறைகள். அவற்றின் மூலக்கருத்து பழையது. 276-இன் வழியில் வரும் 19684-க்குள் 703 என்ற துண்டு இருக்கிறது. 28-இன் வர்க்கம் 784, 9-இன் வர்க்கம் 81, வித்தியாசம் 703. ஆகவே 703 என்பது 28 − 9, 28 + 9 ஆகிய இரண்டின் பெருக்கல்: 19 × 37. பெரிய எண்ணுக்கு இப்படி இரண்டு வர்க்கங்கள் நேரடியாகக் கிடைக்காது. அதனால் சிறிய பகாக் காரணிகள் மட்டுமே கொண்ட உறவுகளைக் கோடிக்கணக்கில் சலித்தெடுத்து, அவற்றில் எவற்றை ஒன்றாகப் பெருக்கினால் வர்க்கம் உருவாகும் என்று ஒரு பிரம்மாண்டமான அணியைத் தீர்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். நூறு இலக்கங்களுக்குக் கீழே கார்ல் பொமரன்ஸ் 1981-இல் முன்வைத்த இருபடிச் சல்லடை. அதற்கு மேலே ஜான் போலார்டு 1988-இல் விதையிட்ட எண்புலச் சல்லடை. எண் ஐந்து இலக்கம் நீண்டால் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இந்த வட்டாரத்தில் புழங்கும் கைக்கணக்கு.

முகம் தெரியாதவர்களின் கூட்டு

276 போன்ற தொடரில் இரண்டாயிரமாவது படியைக் காணாமல் இரண்டாயிரத்து ஒன்றாவது படிக்குப் போக முடியாது. தேரை எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து இழுக்கலாம். கீழ வீதியைக் கடக்காமல் அது தெற்கு வீதிக்குள் திரும்பாது. ஆகவே கூட்டுழைப்பு முழுவதும் ஒரே படிக்குள் நடக்கிறது. வளைவுகளைப் பிரித்துக்கொள்வது சுலபம். ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த வளைவுகளை ஓட்டலாம். சலிப்பதையும் பிரிக்கலாம், ஆளுக்கொரு எண் எல்லையை எடுத்துக்கொண்டு, கிடைத்த உறவுகளை ஓரிடத்தில் சேர்ப்பார்கள். அணியைத் தீர்ப்பது மட்டும் பெரும்பாலும் நினைவகம் அதிகமுள்ள ஒரே கணினியின் பொறுப்பு. பெரிய கணினி இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கான மற்ற தொடர்களில் ஒன்றைத் தம் பெயரில் எடுத்துக்கொண்டு, முடிந்தவரை ஏற்றிவிட்டு, அடுத்தவரிடம் ஒப்படைப்பார்கள். மென்பொருள்களும் இலவசம்: ஜிஎம்பி-ஈசிஎம், யாஃபு, எம்சீவ், காடோ-என்எஃப்எஸ்.

ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள் ஒருவர் விடையை ஒருவர் நம்பி எப்படி மேலே போகிறார்கள்? நம்ப வேண்டிய தேவையே இல்லை. காரணியைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகலாம். அது சரியா என்று பார்க்க ஒரே ஒரு பெருக்கல் போதும். பொய்யான விடை நொடியில் மாட்டிக்கொள்ளும். சரியான விடையை மறுபடி யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தேடக் கடினம், சோதிக்க எளிது என்ற இந்த ஏற்றத்தாழ்வுதான் கூட்டத்தைக் கட்டிவைக்கும் கயிறு. தலைமையும் சம்பளமும் ஒப்பந்தமும் இல்லாமல் வேலை நடப்பது அதனால்தான்.

இதன் பலத்தை உலகம் 1994-இல் பார்த்தது. 1977-இல் சவாலாக விடப்பட்ட ஆர்எஸ்ஏ-129 என்ற 129 இலக்க எண்ணைச் சுமார் 600 தன்னார்வலர்கள், 1600 கணினிகளில், மின்னஞ்சல் வழியே உறவுகளை அனுப்பி உடைத்தார்கள். இன்று அந்த அளவுள்ள எண்ணை ஒரு நல்ல வீட்டுக் கணினியே தனியாக உடைத்துவிடும். 2020-இல் 250 இலக்க ஆர்எஸ்ஏ-250 உடைபட்டது. ஒரே ஒரு கணினி உட்கருவிடம் கொடுத்திருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் பிடித்திருக்கும் வேலை அது.

276-இன் முடிவு தெரிந்தால் யாருக்கும் விலைவாசி குறையாது. ஆனால் எத்தனை இலக்க எண்ணைச் சாதாரண ஆட்கள் சேர்ந்து உடைக்க முடியும் என்பதற்கு இத்தகைய முயற்சிகள் நடைமுறை அளவுகோல். அந்த மென்பொருள்கள் இங்கே அன்றாடம் சோதிக்கப்படுகின்றன. என் கணிப்பைக் கேட்டால், கணினிகள் மட்டும் இந்தக் கேள்வியைத் தீர்க்கப்போவதில்லை. எத்தனை படி ஏறினாலும் "முடிவில்லை" என்பதை ஏறிக் காட்ட முடியாது. அதற்கு ஒரு நிரூபணம் வேண்டும். முடிவு இருந்தால் மட்டுமே ஏறுகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள்.

கணினி நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் 138-இல் தொடங்கலாம். பத்துப் பதினைந்து வரி நிரல் போதும். 117-ஆவது படியில் 1,79,93,18,95,322 என்ற உச்சம் வந்து, 180 படிகளுக்குள் தொடர் 1-இல் முடிந்தால் உங்கள் நிரல் சரியாக இருக்கிறது. அடுத்து 276-ஐக் கொடுங்கள். எந்த இடத்தில் உங்கள் கணினி திணறி நிற்கிறது என்று பாருங்கள். மேலே சொன்ன மென்பொருள்களை நிறுவ வேண்டிய இடம் அதுதான்.