சைபீரியப் பறவை ஸ்காட்லாந்துத் தீவில்: வழி தப்பியதா, புது வழியா?

அக்டோபர் மாதம். மரமே இல்லாத ஒரு குட்டித் தீவு. கல் சுவர் ஓரமாகப் புல்லுக்குள் எலி மாதிரி ஏதோ ஓடுகிறது. பைனாகுலரில் பார்த்தால் எலி இல்லை, சைபீரியாவில் இருந்து வந்த ஒரு சின்னப் பறவை!

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவே இருக்கும் ஃபேர் ஐல் தீவில் இப்படி அவ்வப்போது நடக்கும். நீளம் சுமார் 5 கி.மீ.தான். ஆனால் 1948 முதல் இங்கே பறவை ஆய்வகம் உண்டு. சைபீரியன் ரூபித்ரோட் என்ற பறவை பிரிட்டனில் முதன்முதலாகப் பதிவானது இங்கேதான், 1975 அக்டோபரில். குளிர்காலத்துக்கு அது போக வேண்டிய இடம் வடகிழக்கு இந்தியாவும் தென்கிழக்கு ஆசியாவும்!

ஏன் இந்தத் தீவு?

சுற்றிலும் கடல். பறந்து களைத்த பறவை, கண்ணில் படும் முதல் நிலத்தில் இறங்கிவிடும். ஒளிந்துகொள்ள மரமும் கிடையாது. இதே பறவை பெரிய காட்டில் இறங்கியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அதாவது, அரிய பறவைகள் தீவுக்கு மட்டும் வருவதில்லை. தீவில் நமக்குச் சுலபமா தெரியுது, அவ்வளவுதான்.

எப்படி வழி மாறுகிறது?

இந்த மாதிரி சிறு பறவைகளில், முதல் வருடக் குஞ்சுகள் பெரும்பாலும் பெற்றோர் துணையில்லாமல் தனியாகத்தான் வலசை போகின்றன. எந்தத் திசை, எவ்வளவு நாள் என்பது பிறவியிலேயே பதிந்தது. அதில் கோளாறு வந்தால் தென்கிழக்கே போக வேண்டியது மேற்கே போய்விடும். கிழக்குக் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

'பாவம், இனி பிழைக்காது' என்றுதான் இப்படிப்பட்ட பறவைகளைப் பற்றி ரொம்ப காலமாக நினைத்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்தது ரிச்சர்ட் நெட்டைக்காலி. சைபீரியாவில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளுக்கு வரும் பறவை இது. ஐரோப்பாவிலும் இது அடிக்கடி தென்படவே, தெற்கு பிரான்ஸில் சிலவற்றைப் பிடித்து, வெளிச்சத்தைப் பதிவு செய்யும் குட்டிக் கருவியைப் பொருத்தினார்கள். சூரியன் எப்போது உதித்து எப்போது மறைந்தது என்று தெரிந்தால், பறவை எங்கே இருந்தது என்று கணக்கிடலாம் இல்லையா? 2021-இல் வெளியான முடிவு: அவை கோடையில் சைபீரியாவுக்குப் போய், குளிருக்கு மறுபடி பிரான்ஸுக்கே வருகின்றன!

முதலில் வழி தப்பியவை பிழைத்து, ஊர் திரும்பி, அந்த மேற்குத் திசையைத் தங்கள் குஞ்சுகளுக்கும் கடத்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இந்தச் சந்தேகத்துக்கே விதை போட்டது, ஃபேர் ஐல் போன்ற இடங்களில் பல வருடங்களாக ஆட்கள் நோட்டில் குறித்து வைத்த தேதிகள்தான்.