கைக்குள் வந்த தொலைபேசி



திருவேற்காட்டில் கருமாரியம்மன் கோயிலை நோக்கிச் செல்லும் சாலையில் பூமாலையும் தேங்காயும் விற்கும் கடைகளுக்கு நடுவே கைபேசிக் கடைகளும் இன்று இடம் பிடித்துவிட்டன. ஆடி மாதக் கூட்டத்திலும் அங்கே வாடிக்கையாளர் குறைவதில்லை. சோறும் துணியும் போலக் கைபேசியும் குடும்பச் செலவில் ஓர் இனமாகிவிட்ட காலம் இது. ஆகவே, அதை வாங்குவது பற்றியும், வாங்கியபின் அதனோடு வாழ்வது பற்றியும், அதைச் செய்து தரும் கைகளைப் பற்றியும் சற்று விரிவாகவே எண்ணிப் பார்ப்போம்.

இக்கருவி நம் நாட்டிற்கு வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே ஆகின்றன. 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் நியூயார்க் நகரத் தெருவில் நின்று மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியாளர் முதன்முதலாகக் கைபேசியில் பேசியபோது, அக்கருவி ஒரு கிலோவுக்கும் அதிக எடை கொண்டிருந்தது. இந்தியாவில் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே முதல் அழைப்பு. அக்காலத்தில் பேசுபவர் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை செலுத்தினார். அழைப்பைக் கேட்பவரும் செலுத்தினார்! மணி அடித்தால் எண்ணைப் பார்த்துவிட்டு, அணைத்துவிட்டு, அருகிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடியவர்களை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 2003-ஆம் ஆண்டில்தான் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நின்றது. அதன் பின்னரே ஆட்டோ ஓட்டுநரும், தச்சரும், வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்மாரும் அதை அச்சமின்றிக் கையில் எடுத்தனர்.

அண்மையில் நமது பங்கு இல்லத்துப் பழைய கைபேசியின் மின்கலம் உப்பி, பின்மூடி தானே திறந்துகொண்டது. உப்பிய மின்கலத்தை அழுத்துவதோ, குத்துவதோ, மீண்டும் மின்னேற்றம் செய்வதோ பெரும் ஆபத்து. லித்தியம் மின்கலம் தீப்பற்றக்கூடியது. எனவே புதியதொன்று வாங்க நேர்ந்தது. கடைக்காரர் முதலில் கேட்டது, “என்ன பட்ஜெட் ஃபாதர்?” என்பதே. நாம் தொகையைச் சொன்னதும் அதைவிட நான்காயிரம் கூடுதலான ஒன்றை எடுத்து வைத்தார். வட்டியில்லாத் தவணை என்றார். வட்டி இல்லைதான்; ஆனால் செயலாக்கக் கட்டணம் என ஒன்று பல இடங்களில் உண்டு என்பதையும், ரொக்கத்திற்கு உரிய தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காமல் போகலாம் என்பதையும் வாசகர்கள் கேட்டறிந்துகொள்ள வேண்டும். விலையில் 18 விழுக்காடு சரக்கு-சேவை வரி என்பதால், “பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்” என்னும் சொல்லும் சில இடங்களில் காதில் விழும். பில் இல்லாத கைபேசிக்கு உத்தரவாதமும் இல்லை. களவு போனால் உரிமையை நிறுவச் சான்றும் இல்லை.

படக்கருவியின் வலிமையைப் பற்றியே கடைகளில் பேச்சு மிகுதி. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கைபேசிக்கு இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும்? அது நின்றுபோன கருவியில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது பூட்டுப் பழுதான வீட்டில் நகையை வைப்பதற்கு ஒப்பாகும். பெட்டியைத் திறந்தவுடன் நட்சத்திரம், எண்குறி, 06, எண்குறி என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தோன்றும். இரு சிம் கைபேசியாயின் இரண்டு எண்கள். அவை பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்களோடு ஒத்திருக்க வேண்டும். பழைய கைபேசியை வாங்குவோர், கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஓர் இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அது முடக்கப்பட்ட கருவியா என அறியலாம். தொலைந்துபோனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, 2023 மே மாதம் நாடெங்கும் தொடங்கப்பெற்ற சஞ்சார் சாத்தி வலைத்தளத்தில் அதை முடக்கிவிடலாம். எந்த சிம்மைப் போட்டாலும் நம் நாட்டு வலையமைப்புகளில் அது பேசாது.

வீட்டில் அதனோடு வாழும் வாழ்க்கையைப் பற்றிப் பெரியோர் பலரும் எழுதிவிட்டனர். பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் தந்தையே செபமாலை நேரத்தில் வாட்ஸ்அப்பைப் பார்க்கிறார் என்பதற்கு மேல் நாம் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் தனித்து வாழும் முதியோரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “உங்கள் பெயரில் போதைப்பொருள் பொட்டலம் பிடிபட்டது, வீடியோ அழைப்பிலேயே உங்களைக் கைது செய்துள்ளோம்” என்று காவலர் உடையில் மிரட்டும் கயவர் உள்ளனர். இதற்கு ‘டிஜிட்டல் கைது’ என்று பெயரிட்டுள்ளனர். அப்படி ஒரு கைது சட்டத்தில் எங்கும் இல்லை. பணம் போய்விட்டதாயின், அழுதுகொண்டிராமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். பணம் கை மாறுவதற்குள் கணக்கை நிறுத்த வாய்ப்புண்டு. இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிப் பாட்டியின் படுக்கைக்கு அருகே ஒட்டிவையுங்கள்.

இனி, கடையில் நம் கைபேசிக்குக் கண்ணாடி ஒட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றி. விழுப்புரம் பக்கத்துப் பெண். ஒரு குமிழியும் இன்றி அவர் ஒட்டிய திறத்தை நாம் வியந்தபோது, “நான் கம்பெனியில் போன் பொருத்தினவள்தான் ஃபாதர், கல்யாணத்தோடு நின்றுவிட்டேன்” என்றார். ஏன் என்று நாம் கேட்கவில்லை.

நமது ஊரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் ஸ்ரீபெரும்புதூர். 2006-ஆம் ஆண்டில் அங்கே நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. எத்தனையோ கிராமத்துப் பெண்களுக்கு முதல் மாதச் சம்பளத்தைத் தந்த அவ்வாலை, வரி வழக்கில் சிக்கி, மைக்ரோசாப்ட் நிறுவனம் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது விலக்கப்பட்டு, 2014 நவம்பர் 1-ஆம் நாள் உற்பத்தியை நிறுத்தியது. அவ்விடத்தைப் பின்னர் சால்காம்ப் என்னும் நிறுவனம் வாங்கியது. அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் நிறுவனம் இப்போது ஐபோன்களைப் பொருத்துகிறது. விடியுமுன் நெடுஞ்சாலையில் விரையும் பேருந்துகளில் கண்ணயர்ந்து செல்வோருள் பெரும்பாலோர் இருபதைச் சுற்றிய வயதுப் பெண்களே.

2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே அப்பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் இறந்துவிட்டனர் என்னும் வதந்தி பரவவே, பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். வதந்தி பொய், ஆனால் விடுதிகளின் நிலை பொய்யன்று. விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தன் விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு அவ்வாலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றே ஆலை மீண்டும் திறந்தது. பின்னர் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி எழுப்பப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்லதே நடந்தது, அப்பெண்கள் சாலையில் அமர்ந்திராவிடில் இவ்வளவு விரைவில் நடந்திருக்குமா என்பது ஐயமே.

அதே 2024-இல், ஜூன் மாதம், திருமணமான பெண்களை ஐபோன் பொருத்தும் வேலைக்கு எடுப்பதை அவ்வாலை தவிர்த்தது என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. ஃபாக்ஸ்கான் மறுத்தது. மத்திய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. இச்செய்தி வந்த நாளிலிருந்து, திருமண ஓலை வாசிக்கும்போது நமக்கு அந்தக் கடைப் பெண்ணின் முகம் நினைவுக்கு வருகிறது. பிள்ளைப்பேறும் குடும்பப் பொறுப்பும் ஒரு பெண்ணின் குறை எனக் கணக்கிடப்படுமாயின், அக்கணக்கைக் குடும்பங்களாகிய நாம் வாளாவிருந்து ஏற்கலாகாது.

ஆலை வேலைக்கு மகளை அனுப்ப நற்சான்றுக் கடிதம் கேட்டுப் பெற்றோர் நம்மிடம் வருவதுண்டு. அவர்களிடம் நாம் கேட்பது சிலவே. வேலை கொடுப்பது ஆலையா, ஒப்பந்தக்காரரா? ஒப்பந்தக்காரரெனில் அவர் பெயரும் முகவரியும் என்ன? விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேர்? குளியலறையில் தண்ணீர் வருகிறதா? சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதிக்கு 12 இலக்க யு.ஏ.என். எண் கொடுத்தார்களா? அந்த எண் கையில் இருந்தால், மகள் தன் கைபேசியிலேயே அரசின் உமங் செயலியைத் திறந்து, பிடித்த பணம் கணக்கில் சேர்ந்ததா என்று மாதந்தோறும் பார்த்துக்கொள்ளலாம். கணக்கில் சேரவில்லையெனில் அதே செயலியில் புகாரும் பதிவு செய்யலாம்.