கிட்டாருக்குள்ளே ஒரு குட்டி ஆம்பிளிபயர்!

மின்சார கிட்டாரை வாங்கிவிடலாம். அதைப் பேச வைப்பதுதான் பெரும்பாடு.

சாதாரண கிட்டாரின் வயிறு வெற்றிடம். கம்பி அதிர்ந்தால் வயிறும் சேர்ந்து அதிர்ந்து ஒலியைப் பெரிதாக்கும். மின்சார கிட்டாரோ கெட்டிப் பலகை. வெறுமனே மீட்டினால் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்குக்கூட சரியாகக் கேட்காது. ஆம்பிளிபயர், ஸ்பீக்கர், நீண்ட வயர், சுவரில் ஒரு பிளக் என்று எல்லாம் வேண்டும். மும்பையிலோ பெங்களூரிலோ நாலு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் ஒற்றை அறையில் இத்தனைக்கும் இடம் ஏது? இருக்கிற ஒரு பிளக்கிலும் யாருடைய செல்போனாவது தொங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஆம்பிளிபயரையும் ஸ்பீக்கரையும் கிட்டாரின் உடம்புக்குள்ளேயே பொருத்திவிடுவது. ஓட்டுவதற்கு ஒரு சின்ன பேட்டரி போதும்.

யானையார் கிட்டார்

யோசனை பழையதுதான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் "சில்வர்டோன்" என்ற மலிவு கிட்டாரை விற்றது. அதைத் தூக்கிச் செல்லும் பெட்டியிலேயே ஆம்பிளிபயரும் ஸ்பீக்கரும் இருந்தன. ஆனால் அது வால்வில் ஓடியது. வீட்டு மின்சாரம் இல்லாமல் வாய் திறக்காது.

ஜப்பானில் பெர்னாண்டஸ் நிறுவனம் 1990-ல் இன்னும் ஒரு படி போயிற்று. கிட்டாரின் உடம்பிலேயே ஸ்பீக்கரை வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் பாட வைத்தது. உருண்டு திரண்ட அந்தக் கிட்டாருக்கு "ஜோ-சான்" என்று பெயர். ஜப்பானிய மொழியில் "ஜோ" என்றால் யானை. "சான்" மரியாதைச் சொல். நம் வழக்கில் "யானையார்"!

எட்டுக்கால் பூச்சி

கையால் செய்துகொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நம்புவது "எல்.எம்.386" என்ற ஐ.சி.யை. சுண்டு விரல் நகத்தளவு இருக்கும். எட்டுக் கால்கள். 9 வோல்ட் பேட்டரியில் சுமார் அரை வாட் ஒலி தரும். வருகிற ஒலியை 20 மடங்கு பெருக்குவது அதன் இயல்பு. முதல் காலுக்கும் எட்டாவது காலுக்கும் நடுவே 10 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒன்றை வைத்துவிட்டால் 200 மடங்கு! ஐந்தாவது காலிலிருந்து 220 மைக்ரோபாரட் கண்டென்சர் வழியாக 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போகவேண்டும். மும்பை லாமிங்டன் ரோட்டிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் இந்தச் சாமான்கள் சுலபமாகக் கிடைக்கும்.

அரை வாட்தானே என்று அலட்சியம் வேண்டாம். இங்கிலாந்தின் "குயின்" இசைக்குழுவில் இருந்த ஜான் டீக்கன், 1970-களில் குப்பையில் கிடந்த சர்க்யூட் பலகையை எடுத்து ஒரு குட்டி ஆம்பிளிபயர் செய்தார். அதுவும் 9 வோல்ட் பேட்டரியில் ஓடியதுதான். அதே குழுவின் பிரையன் மே, தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்த கிட்டாரை அதில் மாட்டி வாசித்தார். அந்த ஒலி உலகம் முழுவதும் இசைத்தட்டுகளில் கேட்டது.

ஐ.சி.யில் நேராக பிக்-அப்பை இணைத்தால் ஒரு குறை தெரியும். பிக்-அப் என்பது காந்தத்தின் மேல் தலைமுடி போன்ற செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றியது. அதன் பலவீனமான ஒலியை ஐ.சி. பாதி விழுங்கிவிடும். ஜலதோஷம் பிடித்தவர் பாடுவதுபோல் இருக்கும். நடுவில் ஒரு எப்.இ.டி. டிரான்சிஸ்டரைப் போட்டால் குரல் தெளியும்.

ஊளை

உண்மையான தலைவலி இனிமேல்தான். ஸ்பீக்கரும் பிக்-அப்பும் ஒரே பலகையில் குடியிருக்கின்றன. ஸ்பீக்கர் அதிர்ந்தால் பலகை அதிரும். பலகை அதிர்ந்தால் கம்பி அதிரும். அதை பிக்-அப் மறுபடி ஆம்பிளிபயருக்கு அனுப்பும். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, கல்யாண வீட்டு மைக் கத்துவதுபோல் "கீ...." என்று ஊளையிடும். போதாதற்கு ஸ்பீக்கருக்குள்ளேயும் ஒரு காந்தம், ஒரு சுருள். அந்தச் சுருளின் காந்த அலையை பிக்-அப் நேரடியாகவே பிடித்துக்கொள்ளும்.

அதனால் ஸ்பீக்கரை பிக்-அப்புக்கு எட்டிய மூலையில் வைக்கவேண்டும். அடியில் மெல்லிய ரப்பர் வளையம் கொடுத்தால் அதிர்வு மரத்துக்கு ஏறுவது குறையும். பிக்-அப் வயர் மேலே வலை போட்ட வயராக இருப்பது அவசியம். 200 மடங்கு ஆசையை விட்டுவிட்டு 50-ல் திருப்தி அடைகிறவர்களுக்குத் தொல்லை பாதி குறையும்.

இதற்காகவே, உளியைத் தொடுமுன் எல்லாவற்றையும் ஒரு சோப்பு டப்பாவில் பொருத்தி, கிட்டாரின் மேல் ரப்பர் பேண்டால் கட்டி வாசித்துப் பார்க்கவேண்டும். இடத்தை மாற்றி மாற்றி வைத்தால் எங்கே ஊளை அடங்குகிறது என்று காது சொல்லிவிடும். பலகையின் கனம் பெரும்பாலும் 45 மில்லி மீட்டர்தான். 3 அங்குல ஸ்பீக்கர் உள்ளே அடங்கும். ஆழமான காந்தம் உள்ளது அடங்காது. கழுத்து சேருமிடத்திலும், கம்பிகள் கட்டிய பாலத்தின் அடியிலும் தோண்டவே கூடாது. ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய கிட்டார் விறகாகிவிடும்.

பேட்டரிச் செலவுக்குப் பயந்து சிலர் மலிவான எலிமினேட்டரை மாட்டி வீட்டு மின்சாரத்தில் ஓட்டப் பார்ப்பார்கள். அது விஷப்பரீட்சை. கிட்டாரின் கம்பிகள் உள்ளே பூமி வயரோடு சேர்க்கப்பட்டவை. எலிமினேட்டரில் கோளாறு வந்தால் மின்சாரம் நேராக விரலுக்கு வரும். பேட்டரியில் அந்த அபாயம் இல்லை.

சுவிட்சை அணைக்க மறந்தால், வாசிக்காமலே நாலைந்து நாளில் பேட்டரி தீர்ந்துபோகும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் புறப்படுகிறவர்கள் பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு ரெயில் ஏறுவது நல்லது. கசிந்த பேட்டரி கிளிப்பைப் பச்சைபூக்க வைத்து அரித்துவிடும். பெரிய நஷ்டமில்லை. புதுக் கிளிப் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.