கடலடியில் போர்க்கப்பல்: ஆதாயம் சுற்றுலாவுக்கா, மீன்வளத்துக்கா?

புது தில்லி: ஓய்வுபெறும் போர்க்கப்பல்களுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் ஒரே முடிவுதான்: முதலில் ஏலம், பிறகு உடைப்புத் தளம். மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்த "விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பல், பராமரிக்க வழியின்றி 2014-இல் பழைய இரும்பு விலைக்குப் போனது. "விராட்' குஜராத்தின் ஆலங் கடற்கரையில் உடைக்கப்பட்டது.

"குல்தார்' கப்பலுக்கு வகுக்கப்பட்டதோ வேறு வழி. போலந்தில் கட்டப்பட்டு 1985-இல் கடற்படையில் சேர்ந்த இது, படைவீரர்களையும் டாங்கிகளையும் கரையில் இறக்கும் கப்பல். 2024 ஜனவரியில் போர்ட் பிளேரில் பணி ஓய்வு பெற்றது. 2025 பிப்ரவரியில் கார்வாரில் வைத்து மகாராஷ்டிர சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சிந்துதுர்க் மாவட்டத்தின் நிவதி பாறை அருகே அதனை மூழ்கடித்து, கடலடி அருங்காட்சியகமாகவும் செயற்கைப் பவளத்திட்டாகவும் மாற்றுவதே திட்டம். இதற்கென மத்திய அரசு ரூ. 46.91 கோடி ஒதுக்கியது.

மணற்பாங்கான கடலடியில் உயிரினங்கள் பற்றிக்கொள்ளக் கடினமான பரப்பு இருப்பதில்லை. மூழ்கிய கப்பல் அந்தப் பரப்பைத் தருகிறது. முதலில் பாசியும் கொட்டலசும் ஒட்டும். பிறகு கடற்பஞ்சும் பவளமும் படரும். சிறு மீன்கள் ஒதுங்க, பெரிய மீன்கள் அவற்றைத் தேடி வரும். வலை சிக்கிக் கிழியும் என்பதால் இழுவலைப் படகுகளும் விலகிச் செல்லும். "பார்' கண்ட இடத்தில் மீன் உண்டு என்பது நம் மீனவர்கள் தலைமுறைகளாக அறிந்ததே.

அமெரிக்கா இதில் முன்னோடி. கடலோரக் காவல் படையின் "டுவேன்', "பிப்' என்ற இரு ரோந்துக் கப்பல்கள் 1987-இல் புளோரிடாவின் கீ லார்கோ அருகே மூழ்கடிக்கப்பட்டன. 1943-இல் ஜெர்மானிய நீர்மூழ்கியை வீழ்த்தியதில் பங்குபெற்ற "டுவேன்' இன்று மீன்களின் புகலிடம்.

ஆனால், எச்சரிக்கையும் அதே புளோரிடாவிலிருந்துதான் வருகிறது. செயற்கைத் திட்டு என்ற பெயரில் 1970-களில் அங்கே கொட்டப்பட்ட சுமார் 20 லட்சம் பழைய டயர்கள், கட்டு அறுந்து உருண்டு, அருகிலிருந்த இயற்கைப் பவளப்பாறைகளையே சிதைத்தன. 2006-இல் மூழ்கடிக்கப்பட்ட "ஒரிஸ்கனி' விமானந்தாங்கிக் கப்பலின் மின்கம்பிகளில் எஞ்சியிருந்த பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் குறித்து நீண்ட விவாதமே நடந்தது. எண்ணெய், ஆஸ்பெஸ்டாஸ், நச்சுப் பூச்சு ஆகியவற்றை அகற்றாமல் மூழ்கடிக்கப்படும் கப்பல், குப்பையே அன்றிக் கொடையல்ல.

இங்குதான் சட்டத்தின் இடைவெளி தெரிகிறது. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கப்பல் மறுசுழற்சிச் சட்டம், உடைக்கப்படும் கப்பல்களின் அபாயகரமான பொருள்களைக் கணக்கெடுக்கச் சொல்கிறது. போர்க்கப்பல்களுக்கோ அச் சட்டம் பொருந்தாது. ஆகவே, கப்பலிலிருந்து எவையெவை அகற்றப்பட்டன, யார் சான்றளித்தார்கள் என்ற விவரங்களை அரசு தானே முன்வந்து வெளியிடுவதுதான் முறை.

மற்றொரு கேள்வி மீனவர்களைப் பற்றியது. இதே மாவட்டத்தில் 1987-இல் அறிவிக்கப்பட்ட மால்வண் கடல்சார் சரணாலயத்தை அப் பகுதி மீனவர்கள் எதிர்த்தனர். பிழைப்பு பறிபோகும் என்ற அச்சமே காரணம். கப்பலைச் சுற்றிக் கூடும் மீன்களை யாரும் பிடிக்கலாம் என்று விட்டால், வளம் பெருகாது, பிடிப்பதுதான் எளிதாகும். சுற்றுலாவுக்கென மீனவர்களை விலக்கினால், பழைய கசப்பு திரும்பும். இரண்டுக்கும் இடையிலான விதியை, அவர்களை அமர்த்திப் பேசித்தான் எழுத முடியும்.

தமிழக வாசகருக்கும் இது அயலூர்ச் செய்தியல்ல. 2018-இல் ஓய்வுபெற்ற "கடலூர்' என்ற கண்ணிவாரிக் கப்பலை புதுச்சேரி கடலில் மூழ்கடிக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது நினைவிருக்கலாம். சிந்துதுர்க்கில் வகுக்கப்படும் நெறியே நாளை நம் கரைக்கும் முன்மாதிரியாகும். எத்தனை சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் அரசு சொல்லும். எத்தனை மீன் பெருகியது என்ற கணக்கையும் சேர்த்துக் கேட்க வேண்டியது நாடாளுமன்றத்தின் பொறுப்பு.